சங்கு ஊதும் புதன்கிழமைகள்

“உன் வூட்டுக்காரு நிழலு இந்த வாரமாச்சும் உன்னாண்ட வந்துச்சாடி?” என்று ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

“எங்க வருது? நேரா அவங்கம்மா வூட்டுக்குப் போயி டிவிப் பொட்டியக் கட்டிப் புடிச்சுக்கினு நிக்குது.”

“டிவியோட நிழலையா?”

“பின்ன? நிழலு நிழலத்தான தூக்கும்?”

இருவரும் சிரித்தார்கள். பாலத்தடியில் இறங்கி ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஆட்டோவில் இருந்த எங்களில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியம் அண்ணனைத் தவிர. அவர் கண்ணாடியில் அந்தப் பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். அன்று செவ்வாய்க்கிழமை.

எங்கள் ஊர் நண்டுமேட்டுக்கு மூன்று பக்கம் உப்பங்கழி, நான்காவது பக்கம் கேஸ் கம்பெனி. கழியின் மேல் ஒரே ஒரு பாலம். லாரி வந்தால் எதிரே வரும் சைக்கிள்காரர் இறங்கிக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம்தான் அதற்கு. அதைத் தாண்டினால் மைதானம், மைதானத்தைத் தாண்டினால் நகரம். கம்பெனி மதிலுக்குப் பின்னால் வெள்ளை பெயின்ட் அடித்த பெரிய உருண்டைத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கசிந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எங்கள் ஊரில் வண்டியைப் பாலத்தைப் பார்த்தே நிறுத்துவோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த மாப்பிள்ளை தெரியாமல் கம்பெனியைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு மாமியார் வீட்டுக்குள் போய்விட்டால், சாப்பிட்டு வருவதற்குள் யாரோ ஒருவர் அதைத் திருப்பி வைத்திருப்பார்.

புதன்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் அபாயச் சங்கைச் சோதனைக்காக ஊதுவார்கள். முதல் சங்குக்கும், பயமில்லை என்று சொல்லும் இரண்டாம் சங்குக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். பல வருடங்களாக அந்த நேரத்தில் நாங்கள் டீதான் குடித்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு பங்குனி மாதப் புதன்கிழமையில், முதல் சங்கு ஊதியதும், தெருவில் வெயிலில் நின்றுகொண்டிருந்த எல்லாருடைய காலடியிலிருந்தும், கொடியிலிருந்து ஈரத்துணியை உருவுவது போல நிழல்கள் தங்களை உருவிக்கொண்டு, தரையோடு தரையாக, சுவரோடு சுவராக, அவரவர் ஓட வேண்டிய இடத்துக்கு ஓடின. ஆட்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த வியாகுலம் அத்தை, தன் நிழல் கத்தியின் நிழலைக் கீழே போட்டுவிட்டு சந்துக்குள் திரும்புவதைப் பார்த்து, “எங்க ஓடுது பாரு சனியன், வேல கெடக்கு” என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் சங்கு ஊதியதும் நிழல்கள் மூச்சு வாங்குவது போல லேசாக நடுங்கிக்கொண்டு திரும்பி வந்து அவரவர் காலில் ஒட்டிக்கொண்டன.

ஏன் அப்படி ஆனது என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். கோயில் பூசாரி ஒரு காரணம் சொன்னார், சர்ச் ஃபாதர் ஒரு காரணம் சொன்னார், கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி, நிழல்களுக்கும் உற்பத்திக்கும் சம்பந்தமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் ஏன் ஓடுகிறது என்பதைவிட எங்கே ஓடுகிறது என்பதுதான் ஜனங்களுக்கு முக்கியமாக இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் ‘கூடுமிடம்’ என்று பச்சைப் பலகை வைத்து, அதில் ஓடுகிற ஒரு மனிதனையும் வரைந்திருந்தார்கள். அந்த மனிதன் காட்டிய பக்கம் போன நிழல்கள் மிகக் குறைவு. தாய்மார்களின் நிழல்கள் கம்பெனி மதிலோரத்துப் பள்ளிக்கூடத்துக்கு, அதாவது எதிலிருந்து தப்ப வேண்டுமோ அதை நோக்கியே, கூட்டமாக ஓடின. மகள்களின் நிழல்கள் அம்மா வீட்டுக்கு ஓடின. பிரான்சிஸ் மாமாவின் நிழல் பூட்டியிருந்த ஒயின்ஷாப்பின் ஷட்டர் முன்னால் போய்க் குந்தியது, அதற்காக அவர் மனைவி சந்தோஷப்பட்டார், ஏனென்றால் அதுவரைக்கும் வேறொரு இடத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தது. பதினெட்டு வருடம் பேசாமலிருந்த இரண்டு அண்ணன் தம்பிகளில், அண்ணனின் நிழல் தம்பி வீட்டுக் கதவைத் தட்டியது; தம்பியின் நிழல் தன் மாட்டை அவிழ்க்கப் போயிருந்தது.

ஊர் இதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களை எங்கள் ஊரில் புதன்கிழமை பத்தரைக்கு வரச்சொல்லி, பையனுக்குக் காபி கொடுத்து, காற்று நன்றாக வரும் என்று சொல்லி மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்கள். வார்டு கவுன்சிலர் புதன்கிழமைகளில் நண்டுமேட்டுக்கு வருவதை நிறுத்தினார். குடைக்கடை ஒன்று புதிதாகத் திறந்தது, ஏனென்றால் குடைக்குள் நின்றால் ஓடுவதற்குத் தனி நிழல் இருக்காது, ஆனால் புதன்கிழமை குடை பிடிக்கிற ஆணைப் பார்த்து, “இன்னா மாமா, மறைக்கிற மாதிரி ஆயிடுச்சா?” என்று பெண்கள் குழாயடியிலிருந்து கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டியின் பெரிய நிழலுக்குள் ஒளிந்துகொள்ள பதினொன்றுக்கு முன்னால் இடம் பிடிப்பார்கள். மழைக்காலத்தில் மட்டும் குடும்பங்கள் ஒற்றுமையாக இருந்தன. என் நிழல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. நானும் குடைதான்.

எங்கள் பிளாக்கின் மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்கு நேர் எதிர் வீட்டில், எலிசா அக்கா இருந்தாள். சின்ன வயதில் வந்த போலியோவுக்குப் பிறகு அவள் கால்கள் அவளுடன் வளரவில்லை. ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக் கொடுப்பது அவள் வேலை. வாயில் எப்போதும் நூல் கடித்தபடி இருக்கும், பேசும்போதும் எடுக்க மாட்டாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஆரோக்கியம் அண்ணன் அவளுடைய தம்பி. அவரும் அவர் மனைவி கிளாராவும் மகள் நான்சியும் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். தினமும் மூன்று வேளையும் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை அவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி, பூசை முடிந்து மறுபடி சுமந்துகொண்டு ஏறுகிறவர் அவர். அக்காவைக் கீழ் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றால், அந்த ஒற்றை அறையில் மூன்று பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. எங்கள் பிளாக்கில் நல்ல தம்பி என்று சொல்ல வேண்டுமென்றால் எல்லாரும் அவரைத்தான் சொல்வார்கள்.

அவர் நிழல் புதன்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்குப் போய் நான்சியின் நிழலைத் தூக்கிக்கொண்டு, வழியில் கிளாராவின் நிழலைக் கையில் பிடித்துக்கொண்டு, பாலத்துக்குப் போனது. முதல் புதன்கிழமை அப்படிப் போனது, அடுத்த புதன்கிழமையும் அப்படியே போனது. எலிசா அக்கா கதவைத் திறந்துவைத்து, படிக்கட்டு ஜன்னல் வழியாக வெயில் விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய நிழல் எங்கும் போகவில்லை. சங்கு ஊதியதும் அது தலையை மட்டும் படிக்கட்டுப் பக்கம் திருப்பும், அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டைக் கொடுக்கும்போது அண்ணன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

“நான் இன்னாக்கா பண்ணட்டும்? அது என் பேச்சக் கேக்கல.”

“உன் பேச்ச நீயே என்னிக்குடா கேட்ட?” என்பாள் நூலைக் கடித்தபடி. “கொழம்புல புளி தூக்கலா இருக்குன்னு கிளாராகிட்ட சொல்லு.”

அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். படிக்கட்டின் அடியில் நின்று பார்த்தார், ஏறினால் போதும் என்கிற மாதிரி. நிழல் படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. மூன்றாவது மாடியில் அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார். அது மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கியது. சாயங்காலங்களில் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தன் நிழலிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு புதன்கிழமை நான்சிக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பாமல், அவளை மேலே கொண்டுவந்து, கதவோரம் வெயிலில் எலிசா அக்காவின் மடியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே போய் நின்றார். என்ன நினைத்தார் என்பது எங்களுக்குப் புரிந்தது. நானும் மூன்றாவது மாடி வராந்தாவில் நின்றேன். சங்கு ஊதியது. அவருடைய நிழல் பள்ளிக்கூடப் பக்கம் இரண்டடி போய், நின்று, மோந்து பார்ப்பது போலத் திரும்பி, படியேறி எங்களையெல்லாம் தாண்டி வந்தது. எலிசா அக்கா வாயிலிருந்த நூலை எடுத்தாள். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் அவளிடம் நான் பார்த்ததில்லை. நிழல் வாசலைத் தாண்டி வந்து, அவள் மடியிலிருந்து நான்சியின் நிழலை மட்டும் பத்திரமாகப் பிரித்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனது.

“என் நிழலு போச்சு அத்த, என் நிழலு போச்சு” என்று நான்சி கைதட்டினாள்.

“வரும்மா. ரெண்டாஞ் சங்குக்கு வந்துரும்” என்று எலிசா அக்கா நூலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம்தான் நகரத்திலிருந்து நீலகண்டன் சார் வந்தார். ஆபத்து நேரத்தில் நண்டுமேட்டு ஜனங்கள் எந்த வழியில், எந்த வண்டியில், எவ்வளவு நேரத்தில் வெளியேறுவார்கள் என்பதைக் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியாகச் செய்து அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு வந்த வேலை. புள்ளியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்த என்னை, உள்ளூர்ப் பெண் என்பதால், வீடு வீடாகக் கேள்வி கேட்கச் சேர்த்துக்கொண்டார். ‘சங்கு ஒலித்தால் முதலில் எங்கே செல்வீர்கள்?’ என்பது முக்கியமான கேள்வி. “மைதானத்துக்கு” என்றார்கள் எல்லாரும். பிரான்சிஸ் மாமாவும் மைதானத்துக்கு என்றார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்து கேட்டால் பலகையில் எழுதியிருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நான் சாரிடம் நிழல்களைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு புதன்கிழமை வந்து பாலத்தடி டீக்கடையில் உட்கார்ந்தார். சங்கு ஊதியதும் அவருடைய சொந்த நிழல் பெஞ்சிலிருந்து இறங்கிப் பாலத்தைத் தாண்டி மேற்கே ஓடுவதை, அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. கோயம்புத்தூர்ல” என்றார். “பாவம், எவ்வளவு தூரம் ஓடணும் அது.”

அதன் பிறகு அவர் கேள்வித்தாளை எடுக்கவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் நாங்கள் நிழல்கள் போகிற வழியைக் குறித்துக்கொண்டோம். அவற்றை அவர் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது, திரையில் புள்ளிகளாக இருந்த நண்டுமேட்டு ஜனங்கள் ஒருவரையொருவர் தேடி எதிரும் புதிருமாக ஓடி, பள்ளிக்கூட வாசலில் முடிச்சாகி, அந்த முடிச்சு மெல்ல நகர்ந்து வந்து பாலத்தில் அடைத்துக்கொண்டது. பிறகு எதுவும் அசையவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அதேதான். எங்கள் பிளாக்கின் மூன்றாவது மாடியில் ஒரு புள்ளி ஆரம்பத்திலிருந்தே அசையாமல் இருந்தது. சார் அதில் விரலை வைத்தார்.

“இது யாரும்மா?”

“எலிசா அக்கா சார். நடக்க முடியாது.”

“யாரும் வர்றதில்லையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒருத்தரும் முட்டாளில்லம்மா. தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொருத்தரும் சரியாத்தான் ஓடறாங்க. எல்லாரும் சேர்றப்பதான் யாருமே வெளியில போக முடியல.”

நகரத்தில் ஒரு குளிரூட்டிய அறையில் இதை அவர் காட்டியபோது நானும் பின்வரிசையில் இருந்தேன். ஒரு பெரிய அதிகாரி கடைசிவரைக்கும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “பாலத்த இப்ப அகலப்படுத்த முடியாது சார். கம்பெனிய நகர்த்த முடியாது. மிச்சம் இருக்கிறது ஜனங்க மட்டும்தான், அவங்கள மாத்துங்க” என்றார். திரையில் மாற்றச் சொன்னார். மூன்று வாரம் சார் போனை எடுக்கவில்லை. பிறகு மாற்றினார். புது அறிக்கையில் எல்லாரும் சங்கு ஊதியதும் யாரையும் தேடாமல், ஒரே வேகத்தில், இடதுபக்கமாக, வரிசையில் பாலத்தைக் கடக்கிறார்கள். எல்லாரும் என்றால் எல்லாரும்தான். அந்த அறிக்கையில் எலிசா அக்கா மூன்று மாடி இறங்கி, மைதானம் வரைக்கும் நடந்து போகிறாள்.

நான் அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“நடக்கிறேனா? எந்தக் கால்ல?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் ஊக்கு வைத்தாள். பிறகு, “புடவையாடி, நைட்டியாடி?” என்றாள்.

இதற்கிடையில் ஊர் களைத்துப் போயிருந்தது. முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு சண்டையாக இருந்தது, பிறகு சண்டை போடவும் தெம்பில்லாமல் போனது; ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள், யாருக்காக யார் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு எவ்வளவு காலம் ஒருவருக்கொருவர் குழம்பு ஊற்றிக்கொள்ள முடியும்? குழாயடியில் யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. கம்பெனிக்கு ஒரு மனு எழுதினார்கள். தொட்டிகளை எடுங்கள் என்றில்லை. சங்கை எடுத்துவிடுங்கள் என்று.

இந்த ஊரில் இதுவரை எழுதிய மனுக்களிலேயே உடனே நிறைவேறியது அதுதான். கம்பெனிக்கு மிகவும் மகிழ்ச்சி. அறிக்கையின்படி ஜனங்கள் தாங்களாகவே ஒழுங்காக வெளியேறுவார்கள் என்பதால் ஆட்சேபணை இல்லை என்று அரசாங்கமும் சொன்னது. ஆரோக்கியம் அண்ணன் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை மேலே கொண்டுபோனார்.

“எல்லாரும் போட்டாங்கக்கா.”

“குடு.” அவள் போட்டுக் கொடுத்தாள். அவர் அங்கேயே நின்றார்.

“இன்னாடா?”

“வர்ற புதனோட முடியுதுக்கா. கடைசி சங்கு. அன்னிக்கி உன்ன கீழ தூக்கினு போறேன்.”

“எதுக்கு?”

“நீ என் முதுகுல இருந்தா, அதுக்கு வேற வழியில்லல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நிழலுதான வுழும்.”

எலிசா அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். “வேணாண்டா” என்றாள்.

“ஒரே ஒரு வாட்டிக்கா.”

“வேணாம் ஆரோக்கியம். சங்கே இல்லாத போனா யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமேக்கா” என்றார் அவர்.

அந்தப் புதன்கிழமை நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டியின் கீழ் ஒருவரும் ஒளியவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் போல ஜனங்கள் தெருவுக்கு வந்து தங்கள் தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வியாகுலம் அத்தை கூடக் கத்தியைக் கழுவிவிட்டு வந்திருந்தார். நான் குடையை மடக்கவில்லை.

ஆரோக்கியம் அண்ணன் அக்காவை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கி வந்து, பிளாக்குக்கு முன்னால், பாலத்தைப் பார்த்து நிறுத்தியிருந்த தன் ஆட்டோவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நின்றார். அக்கா ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டியிருந்தாள். அவள் கைகள் அவர் கழுத்தைச் சுற்றியிருந்தன. அவர்கள் காலடியில், தரையில், ஒரே ஒரு நிழல்தான் இருந்தது. கூன் விழுந்த, இரண்டு தலையுள்ள ஒரே நிழல். “அப்படியே நில்லு தம்பி, ஆடாத” என்று யாரோ சொன்னார்கள்.

சங்கு ஊதியது.

தெரு முழுக்க நிழல்கள் உருவிக்கொண்டு ஓடின. அந்த ஒரு நிழல் மட்டும் அசையவில்லை. அண்ணன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. பிறகு அந்த நிழல் கொஞ்சம் கொஞ்சமாக முழங்காலை மடக்கி, தோளைக் குறுக்கி, தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை எடுப்பது போல அவ்வளவு மெதுவாக, எலிசா அக்காவின் நிழலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. வந்து ஒருமுறைகூட நிற்காமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடியது. தரையில் அவள் நிழல் மட்டும், யாருடைய முதுகிலும் இல்லாமல், சின்னக் கால்கள் தொங்க, இல்லாத ஒரு கழுத்தைக் கைகளால் சுற்றிப் பிடித்தபடி கிடந்தது.

எலிசா அக்கா கழுத்திலிருந்து கைகளை எடுத்து, தம்பியின் கண்களைப் பொத்தினாள்.